கேட்காமல் விட்ட கதிரை

கண்டி டவுனில் நான் வேலை செய்த புடைவைக்கடையில் முதலாளியோடு நேராகப் பேசும் பழக்கம் எங்களுக்கு இல்லை. லீவு, தலைவலி, எதுவானாலும் சூப்பர்வைசர் அக்காவிடம்தான் சொல்ல வேண்டும். அவர் போய் முதலாளியிடம் பேசிப் பதில் வாங்கி வருவார். அவரும் எங்களைப் போலக் கால் கடுக்க நின்று சேலை விரித்துக் காட்டியவர்தான். அவர் சொன்னால் முதலாளி தட்டமாட்டார். தன் தங்கை மகளுக்கு எங்கள் கடையிலேயே வேலை வாங்க அந்தச் செல்வாக்கு நன்றாகவே உதவியது.

என் பக்கத்தில் சட்டைத்துணி விற்றவள் கெலிஓயாவிலிருந்து பஸ்ஸில் வருவாள். இரண்டு முறை கரு தங்காமல் போய், மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருந்தது. அதிக நேரம் நிற்கக்கூடாது என்று கிளினிக்கில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் கடையிலோ விற்கிறவள் உட்காரவே கூடாது. யார் போட்ட சட்டமோ, நாசமாய்ப் போக!

அவளைக் கூட்டிக்கொண்டு சூப்பர்வைசர் அக்காவிடம் போனேன்.

"அக்கா, ஆளு இல்லாத நேரம் மட்டும் உக்கார ஒரு கதிரை கேட்டுத் தாங்களேன்" என்றாள்.

"முதலாளி விடவே மாட்டாரு. ஒனக்குக் கேட்டா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாளுங்க. முடியலேன்னா வீட்ல இரு."

"அவர்கிட்ட கேட்டுப் பாத்தீங்களா?" என்றேன் நான்.

"கேக்காமலே எனக்குத் தெரியும். நீ ஒன் வேலையப் பாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானே முதலாளியிடம் போகத் திரும்பினேன். அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "வேணாங்க்கா, அவங்கள மீறிப் போனா இருக்கிற வேலையும் போயிரும்" என்று அழுதாள்.

சித்திரை வருஷப்பிறப்பு வியாபாரம் தொடங்கியது. காலையிலிருந்து பொழுது சாயும்வரை கூட்டம். ஒரு நாள் மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே தரையில் சரிந்தாள். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். அந்தப் பிள்ளையும் தங்கவில்லை.

அடுத்த நாள் யாரையும் கேட்காமல் முதலாளி முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். மனுஷன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அட ஆண்டவனே, ஒரு கதிரைதானே! மேல்மாடியில சும்மா கெடக்குதே. ஏம்மா ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல?"

அப்போதே ஆளை அனுப்பி இறக்க வைத்தார். பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது சூப்பர்வைசர் அக்கா மற்றப் பிள்ளைகளிடம், "நாந்தான் முதலாளிகிட்ட பேசி எடுத்துக் குடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடிப்பாவி! அந்த வாயை ஒரு வாரத்துக்கு முன்னால் திறந்திருக்கக்கூடாதா?

பௌர்ணமி போயா நாளில் கடை பூட்டு. கெலிஓயாவுக்கு அவளைப் பார்க்கப் போனேன். முகம் வற்றிப்போய்க் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கதிரை போட்ட சங்கதி அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

"அன்னைக்கு நான் ஒங்களத் தடுக்காம விட்டிருந்தா, அப்பவே குடுத்திருப்பாராக்கா?"

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரா? செத்தாலும் குடுத்திருக்க மாட்டாரு. நீ விழுந்ததும் பயந்துபோய்த்தான் போட்டாரு" என்றேன். நல்ல மனுஷனை மனமறிந்து பழித்தேன்.

அவள் பெருமூச்சு விட்டாள். "அப்ப சூப்பர்வைசர் அக்கா உண்மையத்தான் சொல்லியிருக்காங்க. பாவம், அவங்களப் போயி மனசுக்குள்ள திட்டிட்டேன்."

"ஆமா, பாவம்" என்றேன்.