மூன்றாவது பந்தியில் ஒரு பிழை: பதுளைக்கும் லுணுகலைக்கும் போய் வந்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது அருவி பார்க்கப் போன பயணம் இல்லை. மன்னிப்புக் கேட்கப் போன பயணம். போன இடம் பதுளை என்பதால் மலையும் குளிரும் தானாக வந்து சேர்ந்துகொண்டன. இந்த ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு, திங்கள். அலுவலகத்தில் ஒரு நாள் லீவு.

இந்த வலைப்பதிவின் பழைய வாசகர்களுக்குத் தெரியும், ஊர் சுற்றும் கதைகளுக்கு முன்னால் நான் கார்ப் பந்தய என்ஜின்களைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். (எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. சிரிக்க வேண்டாம்.) அதில் ஒன்று ஃபார்முலா ஒன் பந்தயத்தின் ஹைபிரிட் டர்போ என்ஜின் பற்றியது. 2014இல் பழைய எட்டு சிலிண்டர் என்ஜினைத் தூக்கிவிட்டு, 1.6 லீட்டர் ஆறு சிலிண்டர் டர்போ என்ஜினையும் அதோடு இரண்டு மின் மோட்டார்களையும் கொண்டுவந்தார்கள். ஒரு மோட்டார், பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை மின்சாரமாக்கி பெட்டரிக்கு அனுப்பும். மற்றது டர்போவின் அச்சில் உட்கார்ந்திருக்கும். அந்த மற்றதைப் பற்றி மூன்றாவது பந்தியில், "புகைக்குழாயின் சூட்டை அப்படியே மின்சாரமாக மாற்றுகிறது" என்று எழுதியிருந்தேன். அதன் ஆங்கிலப் பெயரில் வெப்பம் என்ற சொல் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை நானே ஊகித்துவிட்டேன்.

பெப்ரவரியில் ஒருநாள் பழைய பின்னூட்டங்களைப் பார்த்தபோது, நான்கு மாதமாக யாரும் பதில் சொல்லாத ஒன்று கிடந்தது. எழுதியவர் புவனேஸ்வரி. "வணக்கம். உங்கள் பதிவைப் படித்துவிட்டுத்தான் நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். சூடு எப்படி மின்சாரமாகும், விளக்குங்கள் என்று கேட்டார்கள். எனக்கு விளக்கத் தெரியவில்லை. மூன்றாவது பந்தி சரிதானா?" ஒரு திட்டு இல்லை, ஒரு குத்தல் இல்லை. அதுதான் இன்னும் வலித்தது. தேடிப் பார்த்தேன். சரியில்லை.

உடனே எழுதி விசாரித்தேன். லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வீடு. பண்டாரவளையில் ஹைபிரிட் கார் திருத்தும் கராஜில் ஆறு வருட வேலை. பதுளையில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் தமிழ்மொழிப் போதனாசிரியர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். பிள்ளைகள் பந்தயம் என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று மாதிரிப் பாடத்துக்கு இந்தத் தலைப்பை எடுத்தாராம். என் பந்தியால் விழுந்தார். யாரும் தேறாததால் மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, அதே பாடம், இருபது நிமிடம். அடுத்த மாதம் வயதெல்லை தாண்டுகிறது, ஆகவே இதுதான் கடைசி. மன்னிப்புக் கேட்டு, ஏதாவது செய்ய முடியுமா என்று எழுதினேன். ஒரு வரியில் பதில் வந்தது: "ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வர ஏலுமா அண்ணே? உங்களால ஒரு உதவி ஆகணும்."

சனிக்கிழமை காலை 5.15க்குக் கொழும்பில் ஏசி பஸ். இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக 12.05க்குப் பண்டாரவளை. 1,900 ரூபாய் கொடுத்தேன். இறங்கியதும் குளிர் காதைப் பிடித்தது. சந்தைப் பக்கம் ஒரு கடையில் ரொட்டியும் பருப்பும், பிளேன்டீயோடு 380 ரூபாய். பிறகு 12.50க்குப் பதுளை போகும் சாதாரண பஸ். சுமார் முப்பது கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம். தெமோதரையில் அரை நாள் வேலை முடித்த பெண்கள் ஏறிக்கொண்டார்கள், பஸ் நிரம்பியது. அடுத்த ஏற்றத்தில் டிரைவர் மிதிக்க, என்ஜின் ஒரு பெருமூச்சு விட்டு யோசித்து, அப்புறம்தான் பாய்ந்தது. அந்த யோசனைக்குத்தான் டர்போ தாமதம் என்று பெயர். புகை வந்து டர்போவுக்குள் இருக்கும் விசிறிச் சக்கரத்தைச் சுழற்றும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். பந்தயக் காரில் காத்திருக்க நேரம் இல்லாததால் அந்த இரண்டாவது மோட்டார் சக்கரத்தை முன்கூட்டியே சுழற்றிவிடும். இதை நான் சரியாகத்தான் எழுதியிருந்தேன், நான்காவது பந்தியில். ஆனால் யார் நான்காவது பந்தியில் பரீட்சை வைக்கிறார்கள்?

பதுளையில் பஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் அறை, இரவுக்கு 4,500. அறைக்காரர்தான் ரிஸ்வான் நானாவை (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம்) ஏற்பாடு செய்தார். நகரில் சாமான் கடை வைத்திருக்கும் இவர், ஞாயிற்றுக்கிழமைகளில் தன் ஜப்பான் ஹைபிரிட் காரை வாடகைக்கு ஓட்டுவார். லுணுகலை போய்த் திரும்ப, காத்திருப்போடு 9,000 என்று பேசினோம். பஸ்ஸில் போனால் இதில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும், ஆனால் ஞாயிறு பஸ்ஸை நம்பி நான் இன்னொரு பிழை செய்யத் தயாராக இல்லை.

ஞாயிறு 8.10க்குக் கிளம்பினோம். பசறை வரைக்கும் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், அங்கிருந்து லுணுகலைக்கு இன்னொரு இருபது. ஏற்றமும் வளைவும். இறக்கத்தில் நானா காலை எடுத்ததும் திரையில் பெட்டரியின் பச்சைக் கோடு ஒன்று ஏறியது.

"பார்த்தீங்களா தம்பி? எறங்கக்குள்ள சும்மா சார்ஜ் ஆகுது. எல்லாம் அல்லாஹ்வுட பரகத்."

"இதுதான் நானா பந்தயக் காரிலும் நடக்கிறது," என்று நான் ஆரம்பித்து, பசறை வரைக்கும் நிறுத்தவில்லை. இந்த வருடம் விதியை மாற்றிவிட்டார்கள், டர்போ மோட்டாரைக் கழற்றிவிட்டார்கள், பிரேக் மோட்டாரின் பலத்தை 120 கிலோவாட்டிலிருந்து 350க்கு ஏற்றிவிட்டார்கள் என்றெல்லாம் சொன்னேன். நானா பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க என்ன கார் ஓட்டுறீங்க?"

"எனக்கு ஓட்டத் தெரியாது."

அவர் சிரித்த சிரிப்பில் கார் ஓரம் கட்டியது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நான் அந்தச் சுரைக்காயை நாற்பது கிலோமீட்டர் சுமந்து போய்க்கொண்டிருந்தேன்.

9.50க்குத் தோட்டம். லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், கடைசி வீட்டு வாசலில் புவனேஸ்வரி நின்றார். ஒல்லியான ஆள், உரக்கப் பேசுகிறார், சட்டைப் பையில் டெஸ்டர். கைகூப்பி மன்னிப்பை ஆரம்பித்தேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று ஒரு வரி கூடத் தயார் செய்திருந்தேன்.

"அதெல்லாம் விடுங்கண்ணே. நான்தான் சரிபார்க்காமப் போனேன். முதல்ல டீ குடிங்க."

டீ குடித்தேன். பிறகு, என்ன உதவி என்று கேட்டேன். திருத்திய குறிப்புகள், படங்கள் எல்லாவற்றையும் அச்செடுத்துப் பையில் வைத்திருந்தேன்.

"அது எனக்கு வெளங்கிருச்சுங்க. போன பரீட்சை முடிஞ்ச கிழமையே ஒரு பழைய வேன் டர்போவைப் பிரிச்சுப் பார்த்துட்டேன்." கொஞ்சம் தயங்கினார். "எனக்கு வேண்டியது தப்பா வெளங்கிக்கிட்ட ஒரு ஆளுங்க. கராஜ்ல எல்லாருக்கும் சரியா சொல்லிட்டேன், வீட்ல யாருக்கும் எதுவும் தெரியாது. தப்பைத் தப்புன்னே தெரியாம நம்புற ஆளுக்குப் படிப்பிச்சுப் பார்க்கணும். அதுக்கு உங்களை விட்டா யாருங்க?"

ரிஸ்வான் நானா டீயைத் துப்பிவிட்டார். எனக்கு முகம் சூடேறியது. ஆனால் கோபம் வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், இந்த வலைப்பதிவால் யாருக்காவது ஒரு பயன் இருக்கிறது என்று முதல்முறையாகத் தோன்றியது.

என்னை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் மாணவனாக உட்கார வைத்தார். எதிரே மேசையில் அந்த டர்போ. ஒரு பக்கம் புகை வந்து மோதும் சின்ன விசிறிச் சக்கரம், அதன் அச்சின் மறுமுனையில் விளையாட்டுக் காரிலிருந்து கழற்றிய மோட்டார், அதிலிருந்து ஒரு சிவப்பு பல்ப். சைக்கிள் பம்பால் காற்றடித்தார். சக்கரம் அசைந்தது, பல்ப் எரியவில்லை. மறுபடி அடித்தார். எரியவில்லை. முதல்முறையாக அவர் முகத்தில் பயம் தெரிந்தது. "கராஜ்ல கம்பிரசர்ல எரிஞ்சுச்சுங்க. நாளைக்கு அங்க கம்பிரசர் இருக்காது," என்றார்.

நானா போய் டிக்கியைத் திறந்து ஸ்பெயார் வீலை உருட்டிக்கொண்டு வந்தார். "இதுல காத்து இருக்கு தங்கச்சி. எடுத்துக்கோங்க."

வால்வில் ஒரு குழாயைச் செருகித் திறந்தார்கள். சக்கரம் விசிலடித்தது. பல்ப் பளிச்சென்று எரிந்தது. வாசலில் கூடியிருந்த பிள்ளைகள் கத்தினார்கள்.

"அண்ணே, மின்சாரம் எங்கேருந்து வந்துச்சு?"

என் பாத்திரத்தை ஒழுங்காக நடித்தேன். "சூட்டிலிருந்து."

"கையை வச்சுப் பாருங்க."

வைத்தேன். டயர்க் காற்று குளிர்ந்திருந்தது. நடிப்பு அங்கேயே முடிந்துவிட்டது. படங்களைப் பார்த்துத் திருத்திக்கொண்டதாக நினைத்தது, உள்ளங்கையில் குளிர் பட்டபோதுதான் உண்மையில் விளங்கியது.

"தள்ளுறது காத்துங்க. என்ஜின்ல சூடு அந்தப் புகையை விரிய வச்சு, தள்ளுற பலத்தைக் கூட்டுது. சூடு நேரா மின்சாரம் ஆகல." இருபது நிமிடப் பாடத்தைப் பதினெட்டில் முடித்தார். பிரேக் மோட்டாருக்கு வந்தபோது, என் பதிவில் நான் போட்ட சொல்லைப் பிடித்தார். "சக்தியை அறுவடை செய்யுதுன்னு எழுதியிருக்கீங்க. அறுவடைன்னா ஒரே வெட்டா வெட்டி வீட்டுக்குக் கொண்டு போறது. இது ஒவ்வொரு வளைவுலயும் கொஞ்சம் கொஞ்சமா எடுக்குது, திரும்பச் சுத்தி வந்து அதே எடத்துல எடுக்குது. இது தேயிலைக் கொழுந்துங்க. கொழுந்து எடுக்குது." சொன்னவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அங்க இப்படிச் சொல்ல மாட்டேன். தோட்டத்து ஆளுன்னு சிரிப்பாங்க."

"ஏன் சொல்ல மாட்டீங்க?" என்றார் நானா. "இவர் பசறை வரைக்கும் படிப்பிச்சாரு, ஒண்ணும் வெளங்கல. எனக்கு இப்பதான் வெளங்கிச்சு."

கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன், மாணவனாக இல்லாமல் நானாகவே. இந்த வருடம் அந்த டர்போ மோட்டாரையே பந்தயத்திலிருந்து எடுத்துவிட்டார்களே, அதைப் பற்றிக் கேட்டால்?

"எடுத்தாங்க. செலவு கூட, செய்யிறது கஷ்டம், ரோட்டுக் கார்காரங்களுக்குப் பெருசா தேவைப்படல. ஆனா பெற்றோல்ல இருந்த சக்தியில பாதிக்கு மேல வேலையா மாத்துன என்ஜின் அது. வேலையை விட்டு நிப்பாட்டிட்டா செஞ்ச வேலை இல்லேன்னு ஆயிருமாங்க? எங்கம்மா முப்பத்தொரு வருஷம் கொழுந்தெடுக்க மலைக்குப் போனாங்க." உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்த அம்மா, தன் பேச்சு அடிபடுவதைக் கேட்டு எட்டிப் பார்த்தார். மத்தியானச் சாப்பாடு அங்கேதான். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம், நடக்கவில்லை.

திங்கள் 9.30. நானாவும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். பயிற்சி நிலையத்தின் வாசலில் காவலாளி ஸ்பெயார் வீலைப் பார்த்து மறித்தார். "இது என்னத்துக்கு?"

"பாடத்துக்கு," என்றார் நானா, பெற்றோல் நிலையத்தில் மறுபடி காற்றடித்துக்கொண்டு வந்த அந்த டயரைத் தட்டியபடி. டயர் புவனேஸ்வரியோடு உள்ளே போனது, நாங்கள் வெளியே நின்றோம்.

10.12க்கு மூடிய கதவுக்குப் பின்னால் விசில் கேட்டது. பிறகு அமைதி. அந்த அமைதியில் என் மூன்றாவது பந்தி முழுவதும் மனதில் ஓடியது. நானா ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். அப்புறம் இரண்டாவது தடவை விசில்.

வெளியே வந்தபோது புவனேஸ்வரிக்கு வியர்த்திருந்தது. "போன தடவை கேள்வி கேட்ட அதே சார்தாங்க. சூடு எங்கன்னு கேட்டாரு. கையை வச்சுப் பாருங்க சார்னு சொன்னேன். வச்சுப் பார்த்துட்டு, ரெண்டாவது தடவை அவரே வால்வைத் திறந்தாரு." மூச்சு வாங்கினார். "வாய் தவறி கொழுந்துன்னும் சொல்லிட்டேன்."

"சிரிச்சாங்களா?"

"இல்லங்க. எழுதிக்கிட்டாங்க."

முடிவைத் தபாலில் அனுப்புவார்களாம். அவர் பண்டாரவளை கராஜுக்குப் பஸ் ஏறினார். நான் 1.30 பஸ்ஸில் கொழும்புக்குத் திரும்பினேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ரயிலில்தான் போவேன் என்றால், அன்றைக்கு ரயில் பதுளை வரைக்கும் ஓடுகிறதா என்று முதலில் நிலையத்தில் கேளுங்கள். பண்டாரவளையில் கம்பளிச் சட்டை, பதுளையில் மெல்லிய சட்டை, இரண்டும் பையில் வேண்டும். லுணுகலைப் பக்கம் பின்னேரம் மழையும் பனிப்புகையும் இறங்கிவிடும், மூன்று மணிக்குள் திரும்பப் பாருங்கள். தோட்டத்து வீட்டுக்குப் போனால் சாப்பிடாமல் வர நினைக்காதீர்கள். கிளம்பும் முன் ஸ்பெயார் வீலில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள், யாருக்குத் தேவைப்படும் என்று சொல்ல முடியாது. என்னைப் போல எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று: பின்னூட்டங்களை அன்றாடம் பாருங்கள். நமக்கு அது பொழுதுபோக்கு, யாரோ ஒருவர் அதை நம்பிப் பரீட்சைக்குப் போகிறார்.

கொழும்பு வந்த இரவே அந்தப் பழைய பதிவைத் திறந்தேன். அறுவடை என்று வந்த இடமெல்லாம் கொழுந்து என்று மாற்றினேன். மூன்றாவது பந்தியை அழிக்கத்தான் போனேன், தூக்கக் கலக்கத்தில் மறந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து அதற்குக் கீழே ஒரு பின்னூட்டம் வந்திருந்தது. இந்தத் தடவை பத்து நிமிடத்தில் பார்த்தேன்.

"அண்ணே, மூணாவது பந்தியை அழிச்சிடாதீங்க. திங்கட்கிழமை என் வகுப்புக்கு வேணும்."