கழிவறையை மட்டும் வெட்டிவிட்டார்கள்

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில், கடைகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் விதை சுத்திகரிப்பு நிலையம். தனியார் நிறுவனம். விதை நெல்லைக் காயவைத்து, சலித்து, பதர் நீக்கி, மூட்டை பிடித்து அனுப்புவோம். முளைப்புத் திறனைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. நான் சேர்ந்தபோது என்னோடு சேர்த்துப் பதினான்கு பெண்கள், ஒன்பது ஆண்கள். கழிவறை ஒன்றே ஒன்று. சுவரோடு ஒட்டி ஒரு தொட்டி, கதவு கிடையாது. அது யாருக்கானது என்று நான் சொல்லத் தேவையில்லை.

சேர்ந்த முதல் வாரம், விதையில் கலந்துவிட்ட வேற்று ரக நெல்லைப் பொறுக்கும் பெண்களில் மூத்தவரான அக்கா என்னிடம் ரகசியம் போலச் சொன்னார்.

“மேடம், பத்து மணி டீயைக் குடிக்காதீங்க. அப்புறம் சாயந்திரம் வரைக்கும் அவஸ்தைப்படுவீங்க.”

நானும் தலையாட்டினேன். வேளாண்மை படித்துப் பட்டம் வாங்கியவள், அதை வேலையில் சொல்லித்தரும் பாடங்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

இரண்டு வருடம் அப்படித்தான் ஓடியது. மூன்றாவது கோடையில் குளிர்க் காய்ச்சல். சிறுநீர்த் தொற்று என்றார் டாக்டரம்மா. “படிச்ச பொண்ணுதானே நீங்க? தண்ணி குடிக்கணும்னு தெரியாதா?” என்று திட்டினார். காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் விடுப்புக் கடிதத்தில் எழுதினேன்: பணியிடத்தில் பெண்களுக்குக் கழிவறை இல்லாததால் ஏற்பட்ட நோய்.

மேனேஜர் கூப்பிட்டார். கடிதத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார்.

“இதெல்லாமா லெட்டர்ல எழுதுவாங்க? காய்ச்சல்னு மட்டும் போடுங்கம்மா. தலைமை ஆபீசுக்குப் போற காகிதம் இது.”

“காய்ச்சல் எதனால வந்துச்சுன்னுதான் சார் எழுதியிருக்கேன்.”

“உங்களுக்கே அசிங்கமா இல்லையா?”

நான் மாற்றி எழுதிக் கொடுத்தேன். காய்ச்சல் நாலு நாளில் இறங்கிவிட்டது. மாற்றி எழுதிய கை மட்டும் வெகுநாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

கும்பகோணத்திலிருந்து தினமும் பேருந்தில் வருபவள் நான். போகவர ஒரு பாட்காஸ்ட் கேட்பது வழக்கம். சென்னையில் இரண்டு பெண்கள் நடத்துவது; வேலைக்குப் போகும் பெண்களின் அனுபவங்களைப் பற்றியது. மீட்டிங்கில் நாம் சொன்னதையே பக்கத்தில் இருப்பவர் சத்தமாகச் சொல்லிப் பெயர் வாங்கிக்கொள்வது, பிரசவம் முடிந்து வந்தால் நாற்காலி மாறியிருப்பது என்று பேசுவார்கள். எனக்கும் பல இடங்களில் ஒத்துப்போகும். பொய் சொல்லக்கூடாது, அந்தக் குரல்கள் எனக்குத் துணையாகத்தான் இருந்தன.

நான் மறுபடி வேலைக்குப் போன வாரம், அதில் பேச வந்த ஒரு பெரிய அதிகாரி சொன்னார்: நாம் கேட்பதில்லை, அதனால்தான் கிடைப்பதில்லை, தைரியமாகக் கேளுங்கள், எல்லாம் கிடைக்கும். பாபநாசம் தாண்டிப் பேருந்து போய்க்கொண்டிருந்தது. எனக்குக் காது சுட்டது. இறங்கியதும் சாலையோரம் நின்று போனில் நாலு நிமிடம் பேசிப் பதிவுசெய்து அவர்களுக்கு அனுப்பினேன். மறுநாளே அழைத்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வேர்க்க வேர்க்க ஒரு மணி நேரம் பேசினேன். டீ, தொட்டி, தொற்று, கடிதம், ஒன்று விடாமல் சொன்னேன்.

ஒலிபரப்பானது இருபத்திரண்டு நிமிடம். தலைப்பு, ‘நெல்மணிகளின் நாயகி’. என் கல்லூரிக் காலம் இருந்தது, அப்பாவின் குத்தகை நிலம் இருந்தது. கழிவறை இல்லை. “பொறுமையா இருந்து இருந்துதான் நோய் வாங்கிக்கிட்டேன்” என்று நான் சொன்னதில், “பொறுமையா இருந்து இருந்துதான்” என்பதோடு நிறுத்தி, அடியில் வீணை இசையை ஓடவிட்டிருந்தார்கள். பொறுமையால் ஜெயித்த பெண்ணாகிவிட்டேன்.

நடத்துபவர்களில் ஒருவரை அழைத்தேன்.

“ரொம்ப நல்லா பேசினீங்க. அந்தப் பகுதி மட்டும் கொஞ்சம்... கேக்கறவங்க சாப்பிட்டுக்கிட்டே கேப்பாங்க இல்லையா?” என்றார்.

“நான் தினமும் அதை அடக்கிக்கிட்டேதாங்க சாப்பிடறேன்.”

“புரியுதுங்க. ஆனா நம்பிக்கை தர்ற மாதிரி முடிக்கணும்ல?”

கெட்டவர் இல்லை. குரலில் மெய்யான வருத்தம் இருந்தது. அதனாலேயே எனக்குக் கோபம் கூடியது. மேனேஜர் எழுதக்கூடாது என்றார். பெண்களின் சங்கடங்களைப் பேசவென்றே இருக்கிற இடத்தில், யார் காதிலும் விழக்கூடாது என்கிறார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் சுற்றி உட்கார்ந்து என் போனில் அதைக் கேட்டார்கள். முடிந்ததும் அக்கா கேட்டார்: “நல்லாத்தான் இருக்கு. நம்ம இடத்தைப் பத்தி ஒண்ணுமே காணோமே?”

வெட்டிவிட்டார்கள் என்றேன்.

“அவங்க வெட்டுனா வெட்டிட்டுப் போறாங்க. இந்தப் போன்லயே நாங்க பேசக்கூடாதா?”

பேசினார்கள். அக்கா மட்டும் பதினோரு நிமிடம். மூட்டை அடுக்குக்குப் பின்னால் ஒருத்தி சேலையை விரித்துப் பிடிக்க இன்னொருத்தி ஒதுங்குவது, மாதவிலக்கு நாட்களில் சின்னப் பெண்கள் வேலைக்கே வராமல் இருந்துவிடுவது, கர்ப்பிணியாக இருந்தவள் அழுதது. பின்னால் நெல் சலிக்கும் இயந்திரத்தின் இரைச்சல். ஒரு நொடிகூட வெட்டாமல், யார் பெயரும் ஊர் பெயரும் போடாமல், நானே இணையத்தில் ஏற்றினேன்.

வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிச் சுற்றி ஒரு வாரத்தில் அது தலைமை அலுவலகத்துக்கே போய்விட்டது. மேனேஜர் எங்கள் எல்லோரையும் நிற்கவைத்துப் போனில் அந்தப் பதிவை ஓடவிட்டார்.

“யார் குரல் இது?”

“என் குரல்தான் சார்” என்றார் அக்கா. “என்ன பொய் சொன்னேன், சொல்லுங்க.”

“நம்ம விஷயத்தை வெளியில போய்ப் பேசறதா?”

“உள்ள பேசிப் பேசிப் பதினோரு வருஷம் ஆச்சு சார்.”

பதிவு செய்தது நான் என்றேன். எனக்கு மெமோ கொடுத்தார். அக்காவை மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றார்.

மறுநாள் காலை மற்றப் பெண்கள் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். ஆனால் பொறுக்க உட்காரவில்லை. கேட்டுக்கு வெளியே அக்காவோடு நின்றார்கள். நான் சோதனை அறையைப் பூட்டிவிட்டுப் போய் அவர்கள் பக்கத்தில் நின்றேன். சம்பாவுக்கு விதை போகவேண்டிய நேரம். பொறுக்காத நெல் மலைபோலக் கிடக்க, லாரிகள் காத்துக்கிடந்தன. பன்னிரண்டு மணிக்கு மேனேஜர் வெளியே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், “எல்லாரும் உள்ள வாங்க” என்றார். அக்காதான் முதலில் நுழைந்தார்.

அடுத்த மாதம் கழிவறை கட்டினார்கள். ரிப்பன் கட்டி, மேனேஜர் வெட்டினார். எங்களைக் கைதட்டச் சொல்லிப் படம் எடுத்தார்கள். மகளிர் நலனில் நிறுவனத்தின் அக்கறை என்று அந்தப் படம் போனது. கூட்டம் கலைந்ததும் உள்ளே போய்ப் பார்த்தோம். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும் இருந்தது. உள்ளே இல்லை.

கேட்டதற்கு மேனேஜர், “ஒருத்தர் வெளியில நின்னுக்கிட்டாப் போதாதா?” என்றார்.

அக்கா மறுநாள் ஒரு தாழ்ப்பாளை வாங்கிவந்து, இயந்திரப் பிரிவில் திருப்புளி வாங்கித் தானே பொருத்தினார்.

மெமோ என் கோப்பில் இன்னும் இருக்கிறது. அந்த வருடப் பதவி உயர்வு, நான் வேலை கற்றுக்கொடுத்த ஆணுக்குப் போனது. கேட்டேன், தைரியமாகவே கேட்டேன். “உங்களுக்குப் பொறுமை போதாதும்மா” என்றார்கள்.

எங்கள் பதிவைக் கேட்டுவிட்டுக் கும்பகோணத்தில் ஒரு பட்டுக்கடையில் வேலை செய்யும் பெண் எனக்கு எழுதினாள். நாள் முழுக்க நிற்க வேண்டும். நாற்காலி போட்டிருக்கிறார்கள், உட்கார்ந்தால் கேமராவில் பார்த்துக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று. போன ஞாயிற்றுக்கிழமை பேருந்து நிலையத்தில் அவளைச் சந்தித்தேன். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. பதிவு செய்யப் போனை அவள் முன் நீட்டினேன்.

“எவ்வளவு நேரம் பேசலாம்க்கா?” என்று கேட்டாள்.

“முடியற வரைக்கும் பேசும்மா” என்றேன்.