போகாத பிரயாணி

நாகர்கோவில் மணிமேடைப் பக்கம் ஏசுஅடிமையைத் தெரியாதவர் இல்லை. நாள்தோறும் குளச்சல் பஸ்ஸில் பலமுறை ஏறுவார். குளச்சலை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அதுதான் அவருக்கு உத்தியோகம்.

அந்தக் காலத்தில் பஸ்ஸுக்கு நேரம் கிடையாது. நிறைந்தால் புறப்படும். காலி வண்டியில் யார் ஏறுவார்கள்? ஆகவே ஏஜெண்டு பகவதியப்பன், வெளுத்த வேட்டியும் மூட்டையுமாக ஏசுஅடிமையை முன்சீட்டில் இருத்திவைப்பார். அவரை நம்பிச் சிலர் ஏறுவார்கள், சிலரை நம்பிப் பலர். நிறைந்ததும் இவர் வெற்றிலை வாங்க இறங்கிவிடுவார். ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாத மனிதருக்கு வாய்த்த பிழைப்பு! காலாட்டியே சீட்டிலிருந்த தேங்காய்நாரை வெளியே கொண்டுவந்திருந்தார்.

நாளடைவில் உள்ளூர்க்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். ஏசுஅடிமை இருக்கும் வண்டி இப்போதைக்கு நகராதென்று, போட்டிக்கு நின்ற எதிர்வண்டிக்குப் போனார்கள்.

ஒரு காலையில், குளச்சல் வழியிலுள்ள இரணியலில் தாய்வீட்டிலிருந்த மனைவி கிரேசிக்கு வலி கண்டுவிட்டதென்று ஆள் வந்தது. முதல் பிள்ளை செத்துப் பிறந்தபோது ஏசுஅடிமை பஸ்ஸில்தான் இருந்தார், புறப்படாத பஸ்ஸில். இந்தத் தடவை பக்கத்தில் இருப்பேன் என்று வேதப்புத்தகத்தைத் தொட்டுச் சொல்லியிருந்தார்.

ஓடிப்போய் ஏறினார். ஏறியிருந்தவர்கள் இறங்கினார்கள். டிக்கெட்டு வாங்கித் தூக்கிக் காட்டினார்; தினமும் காட்டுகிறதுதானே என்றார்கள். எதிர்வண்டிக்கு ஓடினார்; அங்கிருந்தவர்கள் இங்கே ஓடிவந்தார்கள். திரும்பி வந்தார், அவர்களும் திரும்பினார்கள்.

பகவதியப்பன் கைகூப்பினார். "மக்கா, எறங்கு. நீ இருந்தா வண்டி நெறையாது. நெறையலேன்னா நீயும் போவமாட்ட."

உள்ளே மிஞ்சியவர் ஒருவர்தான்: வள்ளிநாயகம் பிள்ளை. சமஸ்தானத்தில் பஸ்ஸும் லாரியும் ஏன் நேரத்துக்கு ஓடவில்லை என்று ஆராய வந்த சர்க்கார் உத்தியோகஸ்தர். ரோடு மோசம், டயர் விலை, வரி, ஒதுங்காத மாட்டுவண்டி என்று ஆளுக்கொன்று சொல்லியிருந்தார்கள். ஏசுஅடிமையை மட்டும் எவரும் சொல்லவில்லை.

"என்னவே, எல்லாவனும் எறங்கிட்டான்?" என்று கேட்டார் பிள்ளை.

சொன்னால் பிழைப்புப் போகும். சொல்லாவிட்டால் இரணியல் போக முடியாது. ஏசுஅடிமையின் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"ரோடு இல்ல சாரே, நானாக்கும் காரணம்," என்று தம் உத்தியோகத்தை முழுக்கச் சொன்னார். "இன்னைக்கு ஒருநா என் எடத்துல நீங்க இரிங்க. நான் சீட்டுக்கடியில கெடக்கேன்."

பகவதியப்பன் அந்த நிமிஷமே கையை விரித்து வேலை போயிற்றென்று காட்டினார். பிள்ளைக்கோ அத்தனை நாள் அலைந்ததில் கிடைத்த முதல் உண்மை. தொப்பியைச் சரிசெய்து முன்சீட்டில் நிமிர்ந்து இருந்தார். ஏசுஅடிமை ஊரறிய இறங்கி, பின்பக்கமாக ஊர்ந்து ஏறி, சீட்டுக்கடியில் குப்புறப் படுத்தார். சர்க்காரே ஏறிய வண்டி கிளம்பாமலா போகும்? வெற்றிலை மடிக்கும் நேரத்தில் நிறைந்துவிட்டது. வழிநெடுக, வில்லுக்குறி வந்தாச்சா என்று கால்களிடம் விசாரித்துக்கொண்டே கிடந்தார்.

இரணியலில் இறங்கி ஓடிச்சென்று வாசலை மிதித்தபோது உள்ளே பச்சைப்பிள்ளை வீறிட்டது.

மாமியார் கதவைத் திறந்து, "நடந்தா வந்தீரு மருமோனே?" என்றாள்.

"பஸ்ஸிலயாக்கும்."

மாமியார் நம்பவில்லை. கிரேசி நம்பினாள். அவர் முதுகில் செருப்புத் தடங்கள் தெளிவாக விழுந்திருந்தன.