மெத்தை வண்டியின் கடைசி இருக்கை

பள்ளி வேன் ஓட்டுகிறவர்களில் அவனுக்கு மட்டும் ஒரு பட்டப்பெயர் உண்டு: மெத்தை. வேகத்தடையில் அவன் வண்டி ஏறி இறங்கினால் உள்ளே இருக்கிற தண்ணீர் பாட்டில்கூட உருளாது. ஹாரனில் கை வைப்பதே இல்லை. சாயங்காலம் ஏறும் பிள்ளைகள் தெருமுனை திரும்புவதற்குள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிவிடுவார்கள். "மெத்தை வருது, வழி விடுங்கப்பா" என்று பள்ளி வாசலில் மற்ற டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். இவனும் சளைத்த ஆள் இல்லை. "உங்க வண்டியில ஏறுற பிள்ளைங்களுக்குச் சாப்பிட்டது வயித்துல தங்குதாய்யா?" என்று திருப்பிக் கொடுப்பான்.

ஆள் நல்ல ஆள்தான். வாய்தான் கொஞ்சம் நீளம். அதுவும் மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பிரேக்கே பிடிக்காது.

மகள் அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு. மணி அடித்ததும் முதலில் ஓடிவந்து வேனின் கடைசி இருக்கையில் உட்கார்ந்துகொள்வாள். மற்ற பிள்ளைகள் வரும்வரை டிரைவர்கள் வண்டிகளைச் சுற்றி நின்று அரட்டை அடிப்பார்கள். "எம்பொண்ணு கணக்குல புலி. வேணும்னா கேட்டுப் பாருங்க" என்பான் இவன். ஒல்லியாக ஒரு டிரைவர் உண்டு, அவர்தான் கேட்பார். அவள் ஜன்னல் வழியே விடை சொல்வாள். ஒல்லி அதைச் செல்போனில் தட்டிப் பார்த்துத் தலையாட்டுவார். எல்லோரும் கைதட்டுவார்கள். சரியா தப்பா என்று இவனுக்கே தெரியாது. ஒல்லியின் தலை ஆடினால்தான் இவன் முகம் மலரும்.

அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்து இன்னும் முளைக்கவில்லை. அதற்குள் இருபதாம் வாய்ப்பாடு வரை வந்தாயிற்று. என்ன அவசரமோ, எந்த ரயில் கிளம்பிப் போகிறதோ! வீட்டுக்குப் போனதும் மாடி வீட்டில் டியூஷன். அது முடிந்தால் வீட்டுப்பாடம். அதுவும் முடிந்தால் அம்மா கேட்கிற கேள்விகள். அம்மா மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்ப்பவள். வீங்கின காலோடு வந்து மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வாள். அவளையும் குறை சொல்வதற்கில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை மட்டும் பிரித்து அடுத்த வருடம் தனி வகுப்பில் போடப்போகிறார்களாம். அதில் சேராத பிள்ளையின் கதை அவ்வளவுதான் என்று தாய்மார்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ கொளுத்திப் போட்டிருந்தார்கள்.

பிள்ளை சாப்பிடும்போதே தூங்க ஆரம்பித்தாள். வாய்க்குள் போன சோறு வாயிலேயே இருக்கும், தலை தொங்கிவிடும். படுத்தால் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தாள்.

"ஒரு நாளாவது டியூஷனுக்கு லீவு விடேன். பிள்ளை வாடிப் போறா" என்றான் மனைவியிடம்.

"நான்தான் வாட வைக்கிறேனா? அந்த கிளாஸ்ல சேக்கலைன்னா நீங்க போய் ஹெட்மிஸ்கிட்ட பேசுவீங்களா?"

பேச மாட்டான். அந்த ஆபீஸ் படியேறினாலே அவனுக்கு வேர்த்துக் கொட்டும்.

அதனால் ஒரு தந்திரம் செய்தான். கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டபின் வீட்டுக்குப் போகாமல் தண்ணீர்த்தொட்டிப் பக்கம் வண்டியைத் திருப்புவான். புதுத் தார் போட்ட சாலை, ஒரு வேகத்தடை கிடையாது. மாட்டுவண்டி வேகத்தில் ஒரு பெரிய சுற்று. வீட்டு வாசலில் கதவைத் திறந்தால் மகள் கண்மூடிச் சாய்ந்திருப்பாள். மெல்லத் தோளைத் தட்டுவான்.

நடுவில் மனைவி மருந்துக் கடையிலிருந்து போன் செய்வாள். "எங்க இருக்கீங்க? டியூஷன் மிஸ் கேட்டு எனக்கு போன் பண்ணிட்டாங்க."

"சிக்னல்ல மாட்டிக்கிட்டேன்."

அந்தச் சாலையில் நாய் குறுக்கே வந்தால் உண்டு, சிக்னலுக்கு எங்கே போக! ஆனாலும் பொய் சொன்ன உறுத்தல் துளியும் இல்லை. ஊரையே ஏமாற்றி மகளுக்குத் தூக்கம் திருடிக் கொடுக்கிற பெருமைதான் இருந்தது.

பிறகு எல்லா வேன்களுக்கும் உள்ளே அகலமான கண்ணாடி மாட்டச் சொல்லிப் பள்ளியில் உத்தரவு வந்தது. பழைய கண்ணாடியில் முன் இருக்கைத் தலைகள் மட்டும்தான் தெரியும். புதியதில் கடைசி இருக்கை வரை தெரிந்தது. மாட்டிய அன்று தண்ணீர்த்தொட்டிச் சாலையில் நிமிர்ந்து பார்த்தான். மகள் கண்மூடித்தான் இருந்தாள். ஆனால் உதடுகள் அசைந்தன. முழங்காலில் விரல்கள் ஒவ்வொன்றாய் மடங்கி விரிந்தன.

வண்டியை ஓரம் கட்டினான். "பாப்பா, தூங்கலையா?"

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "பதினேழு வரைக்கும் வந்துட்டேன்ப்பா."

"தினமும் இதுதானா? நீ தூங்கணும்னுதானே கண்ணு நான் சுத்தி வர்றேன்?"

"நான் வாய்ப்பாடு சொல்லிப் பாக்கத்தான் நீ சுத்துறேன்னு நெனச்சேன்."

"யாரு சொல்லிப் பாக்கச் சொன்னா? அம்மாவா?"

"இல்ல."

"டியூஷன் மிஸ்ஸா?"

"இல்லப்பா. நீதானே எல்லா மாமாகிட்டயும் நான் புலின்னு சொல்ற. ஒல்லி மாமா கேக்குறப்ப தெரியலைன்னா?"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டால் அது அதன் பாடு. இங்கே இவன் வாயால் கெட்டது மகளின் தூக்கம். இத்தனை நாளும் பள்ளிக்கூடத்தைத் திட்டினான், டியூஷனைத் திட்டினான், கால் வீங்கி வந்தவளையும் மனசுக்குள் திட்டினான். வெட்கமாக இருந்தது. இனி பெருமையடிக்க இந்த வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு வண்டியை எடுத்தான்.

மறுநாள் சாயங்காலம் ஒல்லி வழக்கம்போல வந்தார். "என்ன மெத்தை, பதினேழெட்டு எவ்வளவு? கேளு உன் புலிகிட்ட."

"புலியும் இல்ல, எலியும் இல்ல. அவளுக்குத் தெரியாது. ஆளை விடுய்யா."

"அட, தெரியாதாமே!"

இவன் ஏறித் தன் இருக்கையில் உட்கார்ந்தான். பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"நூத்தி முப்பத்தாறு."

ஒல்லி செல்போனில் தட்டிப் பார்த்தார். தலை ஆடியது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள், ஒருவர் விசில்கூட அடித்தார். இவன் வாயைத் திறக்கவில்லை, சொன்னபடி நடந்துகொண்டான். ஆனால் பாழாய்ப்போன முகம் சொன்ன பேச்சைக் கேட்டால்தானே! உதட்டைக் கடித்துப் பார்த்தான், வெளியே வேடிக்கை பார்ப்பதுபோல் பார்த்தான். சிரிப்பு தானாகப் பரவிவிட்டது. மகள் கைதட்டியவர்களைப் பார்க்கவே இல்லை. புதுக் கண்ணாடியில் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்ததும் பொக்கை வாய் நிறையச் சிரித்தாள்.

மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறத் தொடங்கினார்கள். அவள் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். கடைசிப் பிள்ளை ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் பதினெட்டாம் வாய்ப்பாடு பாதி முடிந்திருந்தது.