அண்ணையின் பட்டத்தை வலப்புறம் தேடிய நாள்

பேச்சுப் போட்டியில் முதற்பரிசு பெற்ற பத்து வயதுப் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பது எத்துணை ஆபத்தானது என்பதை எங்கள் குடும்பம் ஒரு தைப்பொங்கலன்று அறிந்துகொண்டது.

அண்ணை ஒரு மாதமாக மூங்கில் சீவி, தாள் ஒட்டி, ஆளுயரப் பட்டமொன்று கட்டியிருந்தார். மாலையில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் போட்டி. காலையில் ஒருமுறை ஏற்றிப் பார்த்தபோது நூல் அறுந்தது. பட்டம் பனைகளுக்கு மேலாகத் தென்மேற்கே, உடுப்பிட்டிப் பக்கம் போய் மறைந்தது. அண்ணையும் சித்தப்பாவும் சைக்கிள்களை அத்திசையில் திருப்பினார்கள்.

நான் கைகளை விரித்து வழிமறித்தேன். எனக்குப் பரிசு பெற்றுத் தந்த தலைப்பே சுழலும் பூமிதான்.

“பூமி சுழல்கிறது! ஆகவே வட அரைக்கோளத்தில் காற்றும் கடல்நீரோட்டமும் வலப்புறம் திரும்புகின்றன! பட்டம் மட்டும் நேரே போகுமா? அது வலப்புறம் திரும்பி, மேற்கே தொண்டைமானாற்றில் விழுந்திருக்கும்!”

“உடுப்பிட்டிப் பக்கம் போனதைக் கண்ணாலை பாத்தனாங்களெல்லே?” என்றார் அண்ணை.

“உவள் கப் வாங்கினவளடா. நீ என்ன வாங்கினனி?” என்றார் சித்தப்பா.

அந்த வாதத்தோடு இரண்டு சைக்கிள்களும் மேற்கே திரும்பின.

தொண்டைமானாற்றில் பகல் முழுவதும் பற்றைகளைக் கிளறினோம். நீரில் இறங்கித் தேடிய சித்தப்பாவின் செருப்பொன்று அடித்துச் செல்லப்பட்டது. அது எப்பக்கம் திரும்பும் என்று என்னிடம் எவரும் கேட்கவில்லை.

வெயில் சாய்ந்த பின்னரே உடுப்பிட்டிக்குப் போனோம். வெங்காயத் தோட்டத்துக்காரி வெறும் மூங்கிற்கூட்டைத் தூக்கிக் கொடுத்தார்.

“மத்தியானம் வரைக்கும் முழுசாய்த்தான் கிடந்தது தம்பி. பிறகுதான் ஆடு தாளைத் திண்டிட்டுது. ஏன் உவ்வளவு நேரம் வரேல்லை?”

அண்ணை என்னைப் பார்த்தார். “பூமி சுத்தி முடிய கொஞ்சம் பிந்திப்போச்சுது அக்கா.”

அன்று மாலை கடற்கரையில் அண்ணை வெறுங்கையுடன் நிற்க, பிறருடைய பட்டங்கள் யாவும் தென்மேற்கே சாய்ந்து பறந்தன. ஒன்றுகூட வலப்புறம் திரும்பவில்லை. அவற்றின் அறியாமைக்காக நான் மனதார இரங்கினேன். வடக்கேயிருந்து புறப்பட்ட காற்று, பூமியின் சுழற்சியால் வழியிலேயே வலப்புறம் திரும்பித்தான் வடகிழக்குக் காற்றாக எங்கள் கரைக்கு வருகிறது என்பதும், ஏற்கெனவே திரும்பி வந்ததை நான் ஒருத்தி மறுபடியும் திருப்பினேன் என்பதும் அன்று எனக்குத் தெரியாது.