மாகாணத்தின் கடிதம்

நாங்கள் குடியிருந்த டோர்செட் பார்க் பகுதியின் மாகாண சட்டமன்ற உறுப்பினரின் கடிதம் இருந்தால் விமான நிலையத்தில் அம்மாவை யாரும் தொட்டுச் சோதிக்கமாட்டார்கள் என்று, போர் முடிந்த அந்த ஆண்டில் நாங்கள் நம்பினோம். ஊர்ச் சோதனைச் சாவடிகளில் பட்டது போதும், இனியும் தொடுவார்களென்றால் விமானமேறித் தன் தம்பியைப் பார்க்கக்கூடப் போவதில்லை என்றிருந்தார் அம்மா.

ரொறன்ரோ விமான நிலையத்தில் அப்பா கடிதத்தைப் பெருமையுடன் நீட்டினார். பாதுகாப்புப் பெண் அதிகாரி அதை முழுவதும் வாசித்தார். விமான நிலையப் பாதுகாப்பு மத்திய அரசுக்குரியது, மாகாணத்துக்கு இங்கே அதிகாரமில்லை என்றார். பிறகு அம்மாவைத் தொடலாமா என்று என்னிடம் கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"கேட்டுப்போட்டுத்தான் தொடுவினமோ? அப்ப ஓம் எண்டு சொல்லு, பிள்ளை."

அம்மா தானாகவே கைகளை விரித்தார். சோதனை முடிந்ததும் அப்பாவிடம் திரும்பினார்.

"இஞ்சருங்கோ, உங்கட மாகாணம் டோர்செட் பார்க்கோட முடிஞ்சுது."

அப்பாவே முதலில் சிரித்தார். இப்போது அப்பா இல்லை; அம்மாவும் நானும் இருக்கிறோம்.