காப்புக் கட்டிய கையில் துப்பாக்கி

மாரியம்மன் நோன்பிக்குக் காப்புக் கட்டிக்கொண்டவர்கள் எங்கள் ஊரில் எல்லை தாண்டக் கூடாது. கறி தின்னக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. தீ மிதித்து முடியும்வரை எவ்வளவு அவசரமானாலும் வெளியூர் மண்ணில் கால் வைக்கக் கூடாது. மகளின் தலைப்பிரசவம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று வேண்டித்தான் இந்த வருஷம் நான் காப்புக் கட்டினேன். பிரசவத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அதற்குள் நோன்பி முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

நினைத்தபடி நடக்கவில்லை. மகளுக்குக் கால் வீங்கியது, ரத்த அழுத்தம் ஏறியது. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்து, என் வீட்டுக்காரி கூட இருந்துகொண்டாள். அங்கே ஆண்கள் தங்க இடமில்லை என்பதால் மாப்பிள்ளை எங்கள் வீட்டிலிருந்து போய் வந்தார். மல்லசமுத்திரம் பக்கம் கிழங்குக் காட்டுக்கு நடுவில் ஒரு வீடு. உள்ளே மாமனாரும் மருமகனும். சாப்டீங்களா மாப்ள, சாப்டேனுங்க மாமா. அதற்கு மேல் எங்களுக்குப் பேச்சு வராது.

மத்தியானத்தில் அவர் டிவியில் ஒரு விளையாட்டு விளையாடுவார். வேற்றுக் கிரகத்தில் இடிந்து கிடக்கும் சுரங்கம். ஆளின் முகம் தெரியாது; நீட்டிய துப்பாக்கி மட்டும் தெரியும். நாமே அந்த ஆளாக நடக்க வேண்டும். நான் கதவோரம் நின்று பார்ப்பதைக் கண்டுவிட்டார்.

"சும்மா ஒருக்கா புடிச்சுப் பாருங்க மாமா."

"காப்புக் கட்டியிருக்கறனுங்க. உசுரச் சுடக் கூடாது."

"அதுக்கு உசுரே இல்லீங்களே."

எனக்கு மனசு ஒப்பவில்லை. கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடமே கேட்டேன். அவர் திருநீற்றுத் தட்டை வைத்துவிட்டு யோசித்தார்.

"சுட்டா ரத்தம் வருதுங்களா?"

"பச்சையா என்னமோ வருதுங்க."

"அப்பறம் என்னத்த. ஆனா ஆத்தாளுக்கு வெளக்கு வெக்கற நேரத்துல டிவிய அமத்திப் போடுங்க."

அதன் பிறகுதான் ஆட்டத்தை நடத்தும் அந்தப் பொத்தான் கருவியைக் கையில் வாங்கினேன். முதலில் சுவரைப் பார்த்தே சுட்டுக்கொண்டிருந்தேன். "மாமா, அது செவுருங்க. அது ஒண்ணும் பண்ணாது" என்றார். அவர் சிரிப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சண்டை என்றால் எனக்கு ஆகாது. இது எப்படிப் பிடித்துப்போனது என்று நானே யோசித்திருக்கிறேன். அங்கே காற்று இல்லை என்பதால் தலைக்கவசத்துக்குள் நம் மூச்சுதான் கேட்கும். அதைத் தாண்டி எங்கோ ஒரு கீறல் சத்தம் கேட்டால் முதுகு சில்லிட்டுவிடும். துப்பாக்கியை விடாமல் சுட்டால் சூடாகி நின்றுபோகும். ஆறும்வரை தூண் மறைவில் பதுங்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் ருசியே இருந்தது. பயம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியும். கையில் அதற்கொரு பதிலும் இருக்கும். செத்தாலும் கடைசியாகத் திறந்த கதவடியில் எழுந்து நிற்கலாம். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும்போதெல்லாம் எனக்கு வந்த பயத்துக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது.

தீமிதிக்கு முதல் நாள் நாங்கள் அந்தச் சுரங்கத்துக்குள் இருந்தபோது போன் வந்தது. மாப்பிள்ளை எடுத்துக் கேட்டார்.

"உடனே ஆப்பரேசன் பண்ணோணுமாம். வண்டி எடுக்கறன். நீங்க வாரீங்களா மாமா?"

வாசல்வரை அவர் பின்னாலேயே போய்விட்டேன். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. யாருக்காகக் கட்டினேனோ அவளைப் பார்க்கவிடாமல் அதுவே என்னைப் பிடித்து வைத்திருந்தது. போய்விட்டால், வேண்டுதலைப் பாதியில் விட்டதால்தான் அவளுக்கு இப்படி ஆனது என்று சாகும்வரை நினைப்பேன். போகாவிட்டாலும் நினைப்பேன்.

"நீங்க போங்க மாப்ள" என்றேன்.

வண்டிச் சத்தம் அடங்கியதும் டிவியை அணைத்தேன். சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். வாயில் ஆத்தா பெயரைத் தவிர வேறு வரவில்லை. இருக்க முடியாமல் போனை எடுத்துக்கொண்டு ரோட்டோரமாக ஊர் எல்லைவரை நடந்தேன். சேலத்துப் பஸ் ஒன்று வந்தது. கை காட்டாமலே நிறுத்தினான். ஏறவில்லை. கண்டக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு விசிலடித்தார்.

பொழுது சாயும்போது வீட்டுக்காரி கூப்பிட்டாள். "ஏனுங்க, பொட்டப்புள்ளைங்க. கண்ணாடிப் பொட்டில வெச்சிருக்கறாங்க. இவதான் இன்னும் கண்ணு முழிக்கல."

இனி எல்லையாவது ஒன்றாவது என்று ஒரு காலை முன்னால் வைத்தும் விட்டேன். அப்போது வண்டியேதும் வரவில்லை. வந்திருந்தால் ஏறியிருப்பேன். அப்படியே எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது, மறுபடி போன் அடித்தது.

"அப்பா." மகளின் குரல். நாக்குக் குழறியது.

"கண்ணு, இதா வாரேன்."

"வராதீங்கப்பா. நீங்க நெருப்புல எறங்கீட்டு வாங்க. நா இங்கதான இருக்கறன்."

"வலிக்குதா சாமி?"

"ம்."

முன்னால் வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். போனை வைத்துவிடாதே என்றேன். அவள் வைக்கவில்லை, பேசவும் இல்லை. தூங்கிவிட்டாள் போலிருக்கிறது. அவள் மூச்சு வந்து போவதைக் கேட்டுக்கொண்டே கோயிலுக்கு நடந்தேன். அங்கே நாளைய தீக்குண்டத்துக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.